முப்பது வருஷம் கழித்து முதல் பாகம்

நகரத்துக்குக் குடிதண்ணீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளை எல்லாரும் குளோரின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக ஒரே ஆய்வுக்கூடம், ஒரே மேஜை. மணிக்கு ஒரு தடவை குழாயைத் திறந்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்து வில்லை ஒன்றைப் போட்டுக் குலுக்குவாள். தண்ணீர் ரோஸ் நிறமாக மாறும். எவ்வளவு ரோஸ் என்று அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பம்ப் அறைக்குப் போன் பண்ணி ஓர் எண்ணைச் சொல்வாள். அந்த எண் தப்பாகப் போனால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். குப்பி கையில் இருந்தது. நிறம் வந்துவிட்டது. போனில் பம்ப் ஆபரேட்டர், "சொல்லுங்கக்கா" என்றார்.

அவளுக்கு எண் தெரியும். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறந்துபோயிருந்தால்கூடப் பரவாயில்லை. எண் மனசுக்குள் பளிச்சென்று இருந்தது. நாக்கும் இருந்தது, மூச்சும் இருந்தது. ஒன்றை இன்னொன்றோடு சேர்க்கிற இடத்தில் யாரோ கதவைச் சாத்திவிட்ட மாதிரி இருந்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"அ..." என்றாள். உதட்டின் வலது ஓரம் தானாகத் துடித்தது. சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் பாதி வட்டம் சுற்றி முடித்தது. அப்புறம் யாரோ தள்ளிவிட்ட மாதிரி, "பூஜ்யம் புள்ளி ஆறு" என்று வந்து விழுந்தது.

"என்னக்கா, வாயில ஏதாச்சும் மென்னுட்டு இருந்தீங்களா?"

"ஆமாப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். குப்பியைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினாள்.

இருபத்து மூன்று நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் பேர் சொல்வாள்: சோப்பு, வாளி, கொடி, துண்டு. எல்லாம் வந்துவிட்டால் அன்றைய பொழுது ஓடும். "உள்ள யார்கூட பேசிட்டு இருக்க?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "பாட்டு வருது, பாடறேன்" என்பாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர். அவள் பாடி அவர் கேட்டதே கிடையாது. ஆனாலும் நம்பிவிட்டார்.

மகளை ஏமாற்ற முடியவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். சாப்பிடும்போது, "அந்த ஜன்னலை எடு" என்று அம்மா கரண்டிக்குக் கை நீட்டினாள். மகள் சிரித்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, மறுபடி கரண்டியைப் பார்த்து ஜன்னல் என்றபோது அவள் சிரிக்கவில்லை.

"அம்மா, உனக்கு என்னமோ பண்ணுது. நீ சொல்லமாட்டேங்கற."

"ஒண்ணும் இல்லடி. தூக்கம் பத்தல."

"அப்போ இது என்னன்னு சொல்லு" என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததே தவிர, பேர் வரவில்லை.

ஸ்கேன் படத்தில், தலையின் இடது பக்கம், ஓர் எலுமிச்சங்காய் அளவுக்கு வெளுப்பாக இருந்தது. அறுவை மருத்துவர் ஒல்லியான பெண்மணி, சட்டுசட்டென்று பேசுகிறவர். பேனாவின் மூடியால் அந்த வெளுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"கட்டி இது. மெதுவா வளர்ற வகைன்னுதான் தெரியுது. ஆனா உக்காந்திருக்கிற இடம் சரியில்ல. நீங்க பேசற பேச்சு எங்கிருந்து வருதோ, அதுக்குப் பக்கத்து வீட்ல குடியிருக்கு. எடுத்துடலாம். ஆனா எடுக்கும்போது நீங்க முழிச்சிருக்கணும்."

"முழிச்சின்னா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"மண்டையத் திறக்கற வரைக்கும் தூங்குவாங்க. அப்புறம் எழுப்பிடுவோம். மூளைக்கு வலி தெரியாது. இவங்க பேசிட்டே இருக்கணும். நான் ஒவ்வொரு இடமா தொட்டுப் பாப்பேன். எங்க தொட்டா பேச்சு நிக்குதோ, அங்க கை வைக்க மாட்டேன்."

லிஃப்ட் குழியில் தொங்குகிற மனுஷனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவள் கையைப் பிடிப்பதற்குப் பதிலாக மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கச் சொன்னார்கள். முப்பது வயதுகூட இருக்காத பெண். படகு, கொக்கு, ஏணி என்று படங்களைக் காட்டி, எது வருகிறது, எது நழுவுகிறது என்று குறித்துக்கொண்டாள். ஆபரேஷன் அறையிலும் கூடவே உட்காரப்போகிறவள் அவள்தான்.

"அக்கா, ரெண்டு மணி நேரம் படமே காட்டிட்டு இருந்தா உங்களுக்குச் சலிச்சிடும். உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஏதாவது இருந்தா அதைப் பத்திப் பேசலாம். சினிமா, சமையல், எதுவா இருந்தாலும் சரி."

அவள் யோசித்தாள். சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்பத்தாறு வயசு.

"ஒரு கதை இருக்கு" என்றாள் கடைசியில். "சின்ன வயசுல படிச்சது. மந்திரக் கதை. ஆறு பாகம்."

"பேரு என்னக்கா?"

"உறையாத ஏரி."

"நல்லதாப் போச்சு. முதல் பாகத்தைத் தேடிப் பிடிச்சு மறுபடி ஒரு தடவை படிச்சிட்டு வாங்க. வாய்விட்டுப் படிங்க. அன்னிக்கு அதையே படிக்க வைக்கறேன்."

அந்த முதல் பாகத்தை அவள் படித்தது பதிமூன்று வயதில், வாடகை நூலகத்திலிருந்து எடுத்து. அடுத்த பாகங்கள் வர வர, கல்யாணம் ஆகிற வரைக்கும் துரத்தித் துரத்திப் படித்து முடித்தாள். ஆனால் முதல் பாகத்தைத் திரும்ப எடுத்ததே இல்லை. அப்போது பிடித்தது இப்போது பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு தயக்கம். இப்போது தயங்க நேரம் இல்லை. ஆபரேஷனுக்குப் பதினாறு நாள்தான் இருந்தது.

வீட்டுக்காரர் மூன்று பழைய புத்தகக் கடை ஏறி இறங்கினார். முதலில் நான்காம் பாகத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அட்டையில ஏரி போட்டிருந்துச்சே."

"எல்லா அட்டையிலயும் ஏரிதாங்க இருக்கும்."

மறுபடி போய் முதல் பாகத்தோடு வந்தார். ஓரம் பழுத்துப்போன பிரதி. பழைய மருந்து டப்பா மாதிரி வாசம் அடித்தது.

தினமும் நாலு மணிக்கு, பின்பக்க பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டு, வாய்விட்டுப் படித்தாள். மகள் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கேட்பாள். அம்மா தப்பாகப் படித்தால் திருத்துவதுதான் அவள் வேலை.

"ஏரி உறையாமல் போன ஏழாவது குளிர்காலத்தில், உப்புக்காரன் மகள் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்."

இந்த முதல் வரியைப் படித்ததுமே உடம்பு சிலிர்த்தது. முப்பத்து மூன்று வருஷம் ஒரு வரி எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது. அடுத்த நிமிஷமே, அது இருக்கிற இடம் எது, அந்த எலுமிச்சங்காய்க்கு எவ்வளவு பக்கம் என்று நினைத்தாள். சிலிர்ப்பு அப்படியே நடுக்கமாக மாறிவிட்டது.

கதை இதுதான். அந்த நாட்டில் குளிர்காலத்தில் ஏரி உறைந்தால்தான் அக்கரைக்கு நடந்து போக முடியும். ஏழு வருஷமாக ஏரி உறையவில்லை. அக்கரைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. உப்புக்காரனும் திரும்பவில்லை. அவன் மகள் படகைத் திருடிக்கொண்டு கிளம்புகிறாள். வழியில் ஒற்றைக்காது என்கிற நரிப்பெண் ஒருத்தி சேர்ந்துகொள்கிறாள். வாய் ஓயாமல் கேலி பேசுகிறவள்.

பதிமூன்று வயதில் ஒற்றைக்காது வரும் இடமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. ஐந்தாம் பாகத்தில் அவள் எங்கே, எப்படிச் சாகிறாள் என்று படிக்கிறவளுக்குத் தெரியும். நரிப்பெண்ணுக்குத் தெரியாது. படகின் நுனியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு, "நான் எப்பவும் கடைசியில ஜெயிக்கிற ஆளு" என்று பீற்றிக்கொள்கிறாள்.

அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"என்னம்மா?"

"டாக்டர் என் படத்தைப் பாக்கறப்போ அவங்களுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்னமோ. அவங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதுல்ல."

"டாக்டருக்கும் தெரியாதும்மா. அவங்க ஒண்ணும் கதை எழுதினவங்க இல்ல" என்றாள் மகள். சொன்ன குரலில் தெம்பு இல்லை.

நான்காம் நாள் செருப்பு விஷயம் வந்தது. முதல் அத்தியாயத்தில் உப்புக்காரன் மகளின் ஒற்றைச் செருப்பு மாவுப் பானைக்குள் கிடைக்கும். சின்ன வயதில் அதைப் பெரிய வேடிக்கையாக நினைத்துக்கொண்டாள். மந்திர நாட்டில் செருப்பு தானாகப் பானைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் போல. கதையில் உப்புக்காரன் மகளுக்கு ஓர் அம்மாவும் உண்டு. மூன்றே மூன்று வரியில் வந்து போகிறவள். 'அம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் கை முழங்கை வரை மாவாக இருந்தது. மகளைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள்.' இந்த மூன்று வரியையும் அன்றைக்கு எப்படியோ தாண்டிப் போயிருக்கிறாள். இப்போது அதில் வந்து நின்றாள். திரும்ப முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி. அவ அம்மாதாண்டி ஒளிச்சு வச்சிருக்கா."

"யாரு?"

"செருப்பை. பொண்ணு போகக்கூடாதுன்னு, பயந்துகிட்டு. கடைசி வரைக்கும் வாய் திறந்து சொல்லவே இல்ல பாரு."

சொல்லி முடித்ததும் அவளுக்குத் தான் சொல்லாமல் கழித்த இருபத்து மூன்று நாள் நினைப்பு வந்தது. பயத்தை ஒளித்து வைத்தால் பிள்ளைக்குத் தெரியாது என்று அவளும்தானே நினைத்தாள்.

அடுத்த வாரம் நாக்கு அதிகமாக நழுவியது. கரை என்பதைக் கதவு என்று படித்தாள். ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினாள். வலிப்பு வராமலிருக்க மருந்து கொடுத்தும், பத்தாம் நாள் ஒரு தடவை, பதினோராம் நாள் இரண்டு தடவை பேச்சு நின்றுபோய்த் திரும்பி வந்தது. அதைவிடப் பயமுறுத்தியது வேறொன்று. மகள் திருத்துவதை நிறுத்திவிட்டாள்.

வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றிப் படித்துப் பார்த்தாள். மகள் சும்மா இருந்தாள். இன்னொன்றையும் மாற்றினாள். அதற்கும் பேச்சில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தாள். மகளின் துப்பட்டாவுக்கு அடியில் கைபேசி. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

"எதுக்குடி அது?"

"சும்மாம்மா."

"எத்தனை நாளா?"

"மொத நாள்ல இருந்து."

"என் குரலை எடுத்து வச்சுக்கறியா?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். திருத்தினால் உன் குரலும் பதிவில் விழும், அம்மா குரல் மட்டும் இருக்கட்டும் என்று அப்பா சொன்னாராம். அவர்தான் இந்த யோசனையே கொடுத்தாராம். அப்படியானால் இருவரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அவள் பேச்சு போய்விட்ட வீடு எப்படி இருக்கும் என்று இப்போதே கூடிப் பேசி முடித்திருக்கிறார்கள். கோபப்பட்டுக் கத்தலாம் என்று பார்த்தாள், அதற்கும் சொல் கிடைக்கவில்லை. கடைசியில், "நிறுத்தாத, ஓடட்டும். ஆனா தப்பா படிச்சா திருத்து. உன் குரலும் இருந்தா என்ன?" என்று மட்டும் சொன்னாள். விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

பதினாறாம் நாள் காலை பாதித் தலையை மழித்தார்கள். வீட்டுக்காரர், "அழகாத்தான் இருக்கு" என்றார். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்" என்றாள் அவள். ஆபரேஷன் அறைக் கதவுக்கு உள்ளே அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது, அவர் வண்டியின் கம்பியை விடவே இல்லை. ஊழியர்தான் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டார்.

எழுப்பியபோது முதலில் தெரிந்தது நீலத் துணி. தலையை அசைக்க முடியவில்லை, எதிலோ இறுக்கி மாட்டியிருந்தார்கள். துணிக் கூடாரத்துக்குக் கீழே, மிகக் கிட்டத்தில், பயிற்சியாளர் பெண்ணின் முகம்.

"அக்கா, நான்தான். பேர் சொல்லுங்க, இது என்ன?"

"ப... படகு."

"சூப்பர்."

தலைக்குப் பின்னால் யாரோ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. உலோகம் உலோகத்தில் இடிபட்டது. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. தன் தலைக்குள் இன்னொருத்தர் கை இருக்கிறது, தனக்கு ஒன்றும் தெரியவில்லை. பயிற்சியாளர் புத்தகத்தை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"ஏரி உறையாமல் போன ஏழாவது குளிர்காலத்தில்..." என்று தொடங்கினாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். குரல் நடுங்கினாலும் வந்துகொண்டிருந்தது. உப்புக்காரன் மகள் துறைக்கு இறங்கினாள், கயிற்றை அவிழ்த்தாள், துடுப்பை...

அதற்கு மேல் வரவில்லை. எழுத்துகள் வெறும் கோடுகளாகிவிட்டன. அவளுக்குத் தான் யார் என்று தெரியும், எங்கே படுத்திருக்கிறாள் என்று தெரியும். ஆனால் எழுத்துக்கு ஒலி இல்லை, வாய்க்கு வழி இல்லை. 'இதோ, போயிடுச்சு' என்கிற நினைப்புகூடச் சொல்லாக வரவில்லை, வெறும் இருட்டாகத்தான் வந்தது.

"நின்னுடுச்சு" என்றாள் பயிற்சியாளர்.

"கையை எடுத்துட்டேன்" என்று பின்னாலிருந்து மருத்துவரின் குரல். "இங்க நம்பர் சீட்டு ஒட்டு. இது தொடக்கூடாத இடம்."

"...துடுப்பைப் போட்டாள்" என்று அவள் வாய் தானாக முடித்தது. கண்ணிலிருந்து வழிந்ததை அந்தப் பெண் பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

மொத்தம் ஐந்து தடவை அப்படி நின்றது. நான்காவது தடவை கை எடுத்த பிறகும் உதடு இழுத்துக்கொண்டே போனது. "சில்லுத்தண்ணி ஊத்துங்க, சீக்கிரம்" என்று மருத்துவர் கத்துவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. பின்னாளில் இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிப்பாள்: "ஊருக்கெல்லாம் தண்ணி அனுப்பினேன், கடைசியில என் மண்டைக்குள்ளயே ஊத்திட்டாங்க."

மருத்துவர் வெளியே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னார்: "முக்கால்வாசிக்கு மேல எடுத்தாச்சு. கொஞ்சம் விட்டிருக்கேன். அதை எடுத்திருந்தா இவங்க பேச்சையும் சேர்த்து எடுத்திருப்பேன். வீக்கம் வரும். ஒரு வாரம், பத்து நாள் பேச்சு ரொம்பக் குறைஞ்சுபோகும். பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொல்வது சுலபம். மறுநாளிலிருந்து அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'சரி'. "வலிக்குதா?" சரி. "தண்ணி வேணுமா?" சரி. "என்னைத் தெரியுதா?" என்று மகள் கேட்டதற்கும் சரி. வேறு எதைச் சொல்லப் போனாலும் சரிதான் வந்து நின்றது. வீட்டுக்காரர் நடைபாதைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாகத்தின் கடைசி அத்தியாயங்களைப் படித்துக் காட்டினாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தது என்று சொல்லத்தான் முடியவில்லை. இதுவே நிலைத்துவிட்டால் என்று நாள் முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஒன்பதாம் நாள் மதியம், ஏற்கெனவே நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்ட நர்ஸ் ஐந்தாவதாக ஊசியை எடுத்தபோது, இவள் "கொலகாரி" என்றாள். தெள்ளத்தெளிவாக.

முதலில் சிரித்தது அந்த நர்ஸ்தான். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்" என்று ஓடினாள்.

ஐந்து மாதம் கழித்து வேலைக்குப் போனாள். பகல் வேலை மட்டும், பக்கத்தில் இன்னொரு ஆள். எண்ணை முதலில் காகிதத்தில் எழுதிவிட்டு, அதைப் பார்த்துப் போனில் சொல்வாள். சில சொற்கள் இன்னும் கைக்கு அகப்படாமல் ஓடுகின்றன. "எவ்வளவு தைரியம்கா உங்களுக்கு" என்று யாராவது ஆரம்பித்தால், "தைரியமெல்லாம் ஒண்ணும் இல்ல. பயந்து செத்தேன்" என்று அடித்துச் சொல்லிவிடுவாள். அதை அலங்காரம் பண்ணுவது அவளுக்குப் பிடிக்காது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். விட்டுவைத்த துண்டு அங்கேயே இருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க. போன வாரம் இரண்டாவது ஸ்கேன். முந்தின இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்படியேதான் இருக்கு" என்றார். வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தவளுக்குக் கால் மணி நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. வீட்டுக்காரர் வண்டியை எந்த மாடியில் நிறுத்தினோம் என்று தெரியாமல் மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் அலமாரியிலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்தாள். மகள் நாலாம் பாகத்தில் இருக்கிறாள், மேலே என்ன நடக்கிறது என்று கேட்கவும் மாட்டாள், சொல்லவும் விடமாட்டாள். பால்கனியில் உட்கார்ந்து முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள். நடுவில் ஒரு சொல்லில் தட்டுத்தடுமாறி நின்றாள். புத்தகத்தை மூடிவிட்டாள்.

மறுநாள் இரண்டு பக்கம் படித்தாள்.